கொங்காணியும் சாக்கும் பழைய சேலையும்: எமது கைகளில் உள்ள இழைக்கலை

கலை என்றவுடன் எமது நினைவுக்கு வருபவை பாட்டு, நாட்டியம், கோயிற் சிற்பம், கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிய ஓவியம். அவற்றைச் செய்பவர்கள் வேறு யாரோ; நாம் பார்த்துவிட்டு வருபவர்கள். ஊசியும் நூலும் துணியும் அந்தச் சொல்லுக்குள் இலகுவில் நுழைவதில்லை. அவை ‘கைவேலை’. பாடசாலையில் மனையியல் பாடத்தோடு முடிந்து போனவை, அல்லது முகாமில் இருந்தபோது ஏதோ ஒரு நிறுவனம் நடத்திய ஆறு மாதத் தையற் பயிற்சியோடு வந்தவை.

ஆனால் இன்று உலகின் பெரிய நூதனசாலைகளில் கிழிந்த காற்சட்டைகளால் தைத்த போர்வைகள் தொங்குகின்றன. சாக்கில் ஒட்டித் தைத்த துண்டுத் துணிப் படங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. பருத்தி, கம்பளி, சணல், தும்பு, கயிறு, பழைய உடுப்பு என்று இழையால் ஆன எதையும் கொண்டு செய்யும் படைப்பை இழைக்கலை என்று சொல்லலாம். அவற்றில் மிகவும் பேசப்படும் பலவற்றைச் செய்தவர்கள் கலைக்கல்லூரிக்குப் போகாதவர்கள். வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்து, இரவில் விளக்கடியில் ஊசி பிடித்த பெண்கள். அப்படியானால் இந்தக் கலையை எமது மலைநாட்டில் எங்கே தேடுவது?

அதிகம் தேட வேண்டியதில்லை. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு தோட்டப் பெண் காலையில் மலைக்குப் புறப்படுவதைக் கவனித்துப் பாருங்கள். சேலைக்கோ பாவாடைக்கோ மேலே ஒரு பழைய சேட்டு. அது பெரும்பாலும் கணவனுடையது அல்லது அண்ணனுடையது. இடுப்பைச் சுற்றிப் படங்கு. தேயிலைச் செடியின் வாதுகள் கீறாமலும் பனி ஈரம் உள்ளே இறங்காமலும் இருக்க, அதைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பாள். தலையில் கொங்காணி. கூடைக் கயிறோ கொழுந்துப் பையின் பட்டியோ தலையில் அழுந்தும்போது, நெற்றிக்கும் கயிற்றுக்கும் இடையில் இருப்பது அந்த மடித்த துணிதான். 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் நிறையை அந்த மடிப்பு தாங்குகிறது. எத்தனை மடிப்பு மடிக்க வேண்டும், எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும், மழைக்கு எப்படி, வெயிலுக்கு எப்படி என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. தாயின் தலையைப் பார்த்து மகள் பழகினாள்.

உடலையும் வேலையையும் காலநிலையையும் அறிந்து ஒரு துணிக்கு வடிவம் கொடுப்பதை நகரத்தில் ஒருவர் செய்தால் அவருக்கு வடிவமைப்பாளர் என்று பெயர். மலையில் செய்தால் அதற்குப் பெயரே இல்லை.

கடனில் வந்த கம்பளி

முன்னைய நாட்களில் கொங்காணியாகப் பயன்பட்டது முரட்டுக் கறுப்புக் கம்பளி. பகலில் தலையில், இரவில் உடம்பில். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் உள்ள இடம். தை, மாசி மாதங்களில் அங்கு பனி விழுந்து கொழுந்தே கருகிப் போவதுண்டு. தென்னிந்தியாவின் வெப்பமான கிராமங்களிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கம்பளி உயிர் காத்த துணி. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. கங்காணி காலத்தில் அரிசியோடும் முற்பணத்தோடும் கம்பளியின் விலையும் கடன் கணக்கில் ஏறியது. ஒரு போர்வையைப் போர்த்துவதற்கே கடன்பட்டு நின்ற சனத்தின் வரலாறு இது.

கம்பளையை அண்டிய பீக்கொக் தோட்டத்தில், பழைய லயம் ஒன்றிலேயே தோட்டத் தொழிலாளருக்கான நூதனசாலை ஒன்று இருக்கின்றது. சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007ஆம் ஆண்டில் அதனை அமைத்தது. தொழிலாளரின் பாவனைப் பொருட்களை அங்கே காணலாம். அந்தப் பக்கம் போகக் கிடைப்பவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் துணி என்பது உலோகச் செம்பு போல நீடித்து நிற்பதில்லை. கிழியும் வரை உடுத்து, கிழிந்த பின் கால்மிதியாக்கி, அதுவும் நைந்த பின் அடுப்பு மூட்டும் சனங்களிடம் பாட்டியின் சேலை எங்கே மிஞ்சும்?

அந்தப் பாட்டி தைத்தவற்றையும் கணக்கில் எடுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் புதுமணத் தம்பதிக்கு அறை பிரித்தது ஒரு சேலைத் திரை. குழந்தைக்குத் தொட்டில் இன்னொரு சேலை. பழைய துணிகளை அடுக்கி நூலோட்டிய விரிப்பு, சாக்கின் ஓரம் மடித்துத் தைத்த கால்மிதி, குளிருக்குப் பின்னிய கம்பளித் தொப்பி என்று ஒரு காம்பராவின் சுவர், படுக்கை, தொட்டில் எல்லாமே அவளது கைத்துணி வேலை. செக்ரோலில் இதற்குப் பேர் விழவில்லை.

வன்னிக்குப் போன சேலைகள்

இதை வாசிக்கும் தோழியர் பலர் மலைநாட்டில் இல்லை. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ இருக்கின்றீர்கள். ஆனாலும் உங்கள் அம்மாவோ அம்மம்மாவோ கொழுந்து எடுத்தவராக இருக்கலாம். 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் லயங்கள் எரிக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான மலையகக் குடும்பங்கள் வடக்கே வந்து காடு வெட்டிக் குடியேறின. வரும்போது கொண்டு வந்தது ஒரு சேலையில் கட்டிய மூட்டை. பிறகு வன்னியிலும் போர் வந்தது. ஓடி ஓடி 2009இல் கடற்கரை ஓரத்தில் முடங்கியபோது, மண்மூட்டைக்குச் சாக்கு இல்லாமல் பெண்கள் தமது சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்தார்கள். கூறைச்சேலையும் அதில் போனது. பட்டுப் பையில் மண் நிரப்பிப் பங்கருக்கு அடுக்கிய அந்தக் கைகளுக்கு, துணி என்றால் என்ன என்று யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

தொட்டிலாகவும் திரையாகவும் மூட்டையாகவும் மண்பையாகவும் மாறிய ஒரே சேலை! இவ்வளவு பேசக்கூடிய ஒரு பொருள் எங்களிடம் இருக்கும்போது, கலைக்குக் கருப்பொருள் தேடி எங்கே போவது? உலகின் வேறு மூலைகளில் எம்மைப் போன்ற பெண்கள் இதே துணியைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதையும் அறிந்து கொள்வோம்.

சாக்கில் பேசிய தாய்மார்

தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டில் 1973ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1990 வரை நீடித்த அந்த ஆட்சியில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமலாக்கப்பட்டார்கள். பொலிஸ் நிலையம், வைத்தியசாலை, பிணவறை என்று அலைந்த மனைவிமாரும் தாய்மாரும் சந்தித்துக் கொண்ட இடங்களில் ஒன்று கத்தோலிக்கத் திருச்சபை தலைநகர் சாந்தியாகோவில் நடத்திய தையற் பட்டறை. வெறும் கையோடு அழுது கொண்டிருப்பதை விட ஏதேனும் செய்வோம், நாலு காசும் கிடைக்கட்டும் என்று ஆரம்பித்த வேலை அது.

அவர்கள் எடுத்தது மாவுச்சாக்கு போன்ற முரட்டுத் துணி. ஸ்பானிய மொழியில் ‘ஆர்பியேரா’ என்றால் சாக்குத்துணி; பிறகு அந்தப் படங்களுக்கே அதுதான் பெயராயிற்று. சாக்கின் மேல் துண்டுத் துணிகளை வெட்டி வைத்துத் தைத்தார்கள். மேலே அந்த நாட்டின் மலைத்தொடர், அதற்கு மேல் ஒரு சூரியன், கீழே வீடுகள், தண்ணீர்க் குழாய், பொதுச் சமையற் பானை, வரிசையில் நிற்கும் பெண்கள். ஒரு வீட்டின் வாசலில் ஆள் இல்லை. ஒரு மேசையில் ஒரு கதிரை வெறுமையாக இருக்கின்றது. சிலர் காணாமற்போனவரின் சட்டையிலிருந்தே ஒரு துண்டை வெட்டி வைத்துத் தைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சிறுபிள்ளையின் வண்ணப்படம். கிட்டப் போனால்தான் தெரியும் அது ஒரு முறைப்பாடு என்று. பத்திரிகைகள் வாய்மூடி இருந்த நாட்களில் இந்தத் துணிகள் இரகசியமாக வெளிநாடு போய்ச் செய்தி சொல்லின. ஆட்சியாளர்கள் ஊசிக்கும் நூலுக்கும் கோபப்பட்டதில் வியப்பில்லை.

அதே நாட்டில் இதற்கு ஒரு முன்னோடியும் இருந்தார். நாட்டார் பாடகியான வியோலெத்தா பாரா நோயுற்றுப் படுக்கையில் கிடந்த காலத்தில் சாக்கில் கம்பளி நூலால் தைக்கத் தொடங்கினார். 1964இல் பாரிஸ் நகரின் லூவர் மாளிகையிலுள்ள அலங்காரக் கலைகள் நூதனசாலையில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளது போராட்டத்தில் எமது தாய்மார் கையில் பிடித்திருந்தது புகைப்படம். மழை, வெயிலில் அந்தப் படங்கள் நிறம் மங்கிப் போனதை நாம் கண்டோம். சிலித் தாய்மாரின் சாக்குத்துணி இன்னும் அப்படியே இருக்கின்றது என்பதை அறிந்தபோது எனக்கு முதலில் தோன்றியது இந்த வேறுபாடுதான்.

வேலைக் காற்சட்டையும் ஒரு நினைவும்

சிலிப் பெண்கள் நகரத்தின் ஓரத்தவர்கள். தோட்டப் பெண்ணுக்கு இன்னும் நெருங்கிய உறவுக்காரர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கிறார்கள். ஜீஸ் பெண்ட் என்பது ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு கிராமம். அங்கு பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்குத் தோட்ட முதலாளியின் குடும்பப் பெயரான பெட்வே என்பதே பெயராக ஒட்டிக்கொண்டது. அடிமை முறை ஒழிந்த பின்பும் அதே மண்ணில் கடனுக்குப் பயிர் செய்தார்கள். 1932இல், கடன் கொடுத்த வணிகர் இறந்ததும் அவரது குடும்பம் கடனுக்காக அவர்களது கால்நடைகளையும் கருவிகளையும் உணவையும் கூட அள்ளிச் சென்றது. எமது கங்காணிக் கடனின் வேறொரு கிளை போலத்தான் இது தோன்றுகின்றது.

அந்தப் பெண்கள் குளிருக்காக ஒட்டுப் போர்வை தைத்தார்கள். துணி வாங்கக் காசில்லை. முழங்கால் தேய்ந்த காற்சட்டை, வியர்வையில் வெளுத்த சேட்டு, மாவுப் பை எல்லாம் போர்வையாயின. தேய்ந்த இடம் வெளிர் நீலமாகவும், பொக்கற் கழற்றிய இடம் கடும் நீலமாகவும் இருந்ததை அவர்கள் மறைக்கவில்லை, அதையே அழகாக்கினார்கள். சதுரத்துக்குள் சதுரமாக அமைத்த ஒரு வடிவத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘வீட்டுக் கூரை’. தலையை நிமிர்த்தினால் தெரிந்தது அதுதான்.

1942இல் மிசூரி பெட்வே என்ற பெண் கணவனை இழந்தார். அவர் வயலில் அணிந்திருந்த உடுப்புகளை எடுத்து ஒரு போர்வை தைத்து, அவரை நினைத்து அதைப் போர்த்திக் கொள்ளப் போவதாகத் தம் மகளிடம் சொன்னார். மகளும் கூட இருந்து உதவினார். மண்ணும் வியர்வையும் ஊறி வெளுத்த சாம்பல், நீல, பழுப்புத் துண்டுகள். ஆறு தசாப்தங்கள் கழித்து, 2002இல் ஹூஸ்ரன் நகர நுண்கலை நூதனசாலையில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் காட்சிக்கு வந்தபோது அமெரிக்கக் கலை உலகமே திரும்பிப் பார்த்தது. 2006இல் அந்நாட்டு அஞ்சல் சேவை அவற்றை முத்திரைகளாக வெளியிட்டது.

எங்கே பார்ப்பது?

‘எனக்கு ஒன்றும் கீற வராது’ என்று சொல்லாத பெண்ணை நான் எந்தச் செயலமர்விலும் கண்டதில்லை. கீற வேண்டியதில்லை, பார்த்தால் போதும்.

பணிய லயத்தின் கூரையை மேட்டு லயத்திலிருந்து பாருங்கள். பழைய தகரம், புதுத் தகரம், துருப்பிடித்தது, ஓட்டைக்குப் போட்ட ஒட்டு, பறக்காமலிருக்க வைத்த கல், டயர். அது ஒரு ஒட்டுப் போர்வைதான். கவ்வாத்து வெட்டிய மலையில் இலையில்லாமல் நிற்கும் செடிகள், சங்கிலித்தையலில் போட்ட கைவிரல்கள் போல இருக்கும். கொழுந்தின் பச்சை ஒன்றல்ல: மொட்டில் வெள்ளிப் பூப்போன்ற வெளிர்பச்சை, அடுத்த இலையில் மஞ்சள் கலந்த பச்சை, முற்றிய இலையில் கறுப்பை நெருங்கும் பச்சை. வடக்கில் இருப்பவருக்கு வடலி ஓலையின் விரிப்பு, உப்பளத்தின் கட்டம், தறப்பாள் கொட்டிலின் மடிப்பு.

இலங்கையின் கைத்தறித் துணிக்கு உலகெங்கும் பெயர் வாங்கிக் கொடுத்தவரின் வழியும் இதுவே. 1928இல் கண்டியில் பிறந்த பார்பரா சன்சோனியை, ஏழைப் பெண்களுக்கு நெசவு கற்றுக் கொடுத்துக் கொண்டிருந்த நல்லாயன் சபைக் கன்னியாஸ்திரிகள் உதவிக்கு அழைத்தார்கள். பெண்களுக்கு நெசவு தெரியும். விற்கும்படியான வடிவம்தான் இல்லை. அவர் தம்மைச் சுற்றியிருந்த நிலத்திலும் கடலிலும் மரங்களிலும் கண்ட நிறங்களைத் தறிக்குக் கொண்டு வந்தார். 1964இல் அவர் ஆரம்பித்த ‘பெயார்ஃபுட்’ நிறுவனம் 2022இல் அவர் மறைந்த பின்பும் நடக்கின்றது. மாத்தளை அலுவிகாரையில் கிராமத்துப் பெண்களோடு தையல், பத்திக் வேலைகளை வளர்த்த ஏனா டி சில்வாவும் (1922-2015) இந்த வரிசையில் வருபவர். கண்டிக்கு அண்மையில் ‘ஹண’ என்னும் செடியின் நாரில் நெய்யும் தும்பறைப் பாய்க்கு 2021இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் கிடைத்தது. இவை எல்லாம் எமது தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் நடந்தவை. ஆனாலும் தோட்ட வேலியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட எமது உறவினர் பலர் நீலகிரி மலைக்குப் போனார்கள் அல்லவா? அந்த மலையின் ஆதிக்குடிகளான தோடர் இனப் பெண்கள், தடித்த வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் பூவேலை செய்கிறார்கள். கோடு கீறுவதில்லை, அச்சு வைப்பதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போகும். மலை, எருமைக் கொம்பு, பூ என்று அவர்கள் அன்றாடம் காண்பவையே வடிவங்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

எம்மவரிலும் ஒருவர் இந்த வழியில் நடந்திருக்கிறார். மலையகத்தைச் சேர்ந்த ஓவியக் கலைஞர் ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்றவர். பாவித்த தேயிலைப் பைகளையும் தேநீர் வடியையும் தேயிலைக் கறையையும் கொண்டே அவர் தோட்டப் பெண்களின் வாழ்வைப் படைப்பாக்கினார். குடித்துவிட்டு எறிவதில் அவருக்கு ஒரு வரலாறு தெரிந்தது.

சாயத்தண்ணியில் ஒரு சாயம்

மலையகத்தில் பால் சேர்க்காத தேநீருக்குச் சாயத்தண்ணி என்று பெயர். பெயரிலேயே இருக்கிறது. தேயிலை உண்மையிலேயே ஒரு சாயம். அதிலுள்ள துவர்ப்பு பருத்தியில் நன்றாகப் பிடிக்கும். வடித்த சக்கையை நாலைந்து நாள் காயவைத்துச் சேருங்கள். சமையலுக்குப் பாவிக்காத ஒரு பழைய பாத்திரத்தில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு வடியுங்கள். சவர்க்காரம் போட்டு அலசிய பருத்தித் துணியை ஈரத்தோடு அதில் போட்டு மெல்லிய சூட்டில் வைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டால் மண்ணிறம் வரும். இன்னொரு போத்தலில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு வினாகிரி ஊற்றி ஒன்றிரண்டு வாரம் வைத்தால் இரும்புநீர் கிடைக்கும். தேயிலைச் சாயம் ஏறிய துணியை, அந்த இரும்புநீரில் கொஞ்சம் கலந்த தண்ணீரில் தோயுங்கள். உங்கள் கண்முன்னே அது சாம்பலாகி, பிறகு கறுப்பை நெருங்கும். அதிகம் ஊற்றினால் துணி நாளடைவில் இற்றுப் போகும். நன்றாக அலச வேண்டும். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் போத்தலை வையுங்கள். வெங்காயத் தோல் செம்மஞ்சள் தரும். மஞ்சள் அழகான நிறம்தான், ஆனால் வெயிலில் நிற்காது.

நைலெக்ஸ் சேலையில் இந்தச் சாயம் ஏறாது. எது பருத்தி என்று சந்தேகமென்றால் ஓரத்தில் ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலானால் பருத்தி. உருகி மணியாகச் சுருண்டால் அல்ல. சாயம் ஏறாவிட்டாலும் நைலெக்ஸை ஒதுக்க வேண்டாம். எண்பதுகளின் பூப்போட்ட நைலெக்ஸ் சேலைகளில் உள்ள நிறங்கள் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

அடித்துணிக்குச் சாக்கு போதும். சணற்சாக்கு நல்லது, வெள்ளை உரப்பையும் பரவாயில்லை, நன்றாகக் கழுவிக் காயவைத்த பின். முதல் முறை கொப்பித் தாளின் அளவுக்கு மேல் போகாதீர்கள். ஓரத்தை மடித்துக் கம்பளித்தையல் போடுங்கள். பிறகு தினமும் காணும் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுங்கள்: கூரை, கூடை, குழாயடி, வாசற்படியில் கிடக்கும் செருப்பு. துணியில் வெட்டி வைத்து, ஓட்டுத்தையலால் பிடியுங்கள். தையல் வளைந்து போனால் அவிழ்க்க வேண்டாம். நாள் முழுதும் கொழுந்து பறித்து விரல் வெடித்த கையின் தையல் மெஷின் தையல் போல இருக்க வேண்டியதில்லை.

விலை பேசும் முன்

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போருக்குப் பின் எமது பகுதிகளில் தையல் இயந்திரங்கள் ஏராளமாகக் கொடுக்கப்பட்டன. ஒரே பை, ஒரே தலையணை உறை, ஒரே யானை உருவம். ஒரு ஊரில் முப்பது பேர் ஒரே பொருளைத் தைத்தால் வாங்குவது யார்? மலையகத்து இளம்பெண்களோ ஆடைத் தொழிற்சாலைகளில் நாள் முழுதும் ஒரு சேட்டின் கைப்பகுதியை மட்டும் தைத்துவிட்டு வருகிறார்கள். முழுச் சேட்டும் எப்படி இருக்கும் என்று பார்க்கக் கூட நேரமில்லை. இதனால்தான் ‘இதில் வருமானம் வருமா?’ என்ற கேள்வியை முதல் நாளே கேட்க வேண்டாம் என்கிறேன். வருமானம் தேவையில்லை என்று சொல்லவில்லை. அடுப்பு எரிய வேண்டிய வீட்டில் அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் சிலியிலும் ஜீஸ் பெண்டிலும் பிறகு வாங்க வந்தவர்கள், அந்தப் பெண்கள் தமக்காகச் சொன்ன கதையைத்தான் வாங்க வந்தார்கள்.

இன்னொன்று, இது கொஞ்சம் பாரமானது. அலுமாரியில், பெட்டிக்குள், பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கும் அந்தச் சேட்டு. மகனுடையதோ கணவருடையதோ. மிசூரி பெட்வே தம் கணவரின் உடுப்பை வெட்டியது அவரை அடக்கம் செய்த பின். காணாமலாக்கப்பட்டவரின் தாய்க்கு அந்த முடிவு வரவில்லை. ‘வெட்டித் தையுங்கள், மனம் ஆறும்’ என்று வெளியிலிருந்து வந்து யாரும் சொல்லக் கூடாது. அதற்குச் சட்டரீதியான காரணமும் உண்டு. 2025 ஆகஸ்ட் மாதம் செம்மணிப் புதைகுழியில் எடுக்கப்பட்ட உடைகளையும் பொருட்களையும் நீதிமன்ற உத்தரவின் பேரில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். உறவினர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்றார்கள். சட்டையின் அளவு, தையற்காரரின் கைவேலை, மாற்றித் தைத்த பொத்தான் என்று எது எப்போது சான்றாகும் என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த உடுப்பு முழுதாகவே இருக்கட்டும். அதன் நிறத்தில் வேறொரு துணியைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் தேயிலையும் இரும்பும் கொண்டு நீங்களே அந்த நிறத்தை உருவாக்கலாம். எத்தனை நாள் ஊறவைத்தால் அந்தச் சாம்பல் நிறம் வரும் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

தனியாகச் செய்வதை விட நாலு பேர் சேர்ந்து உட்காருவது நல்லது. மாதச் சங்கக் கூட்டம் முடிந்த பின் அரைமணி நேரம், பிள்ளை மடுவத்தின் திண்ணையில், கோயில் மண்டபத்தில், யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில். கை வேலையில் இருக்கும்போது வாயிலிருந்து வரும் பேச்சு வேறு. ஒருவரை ஒருவர் முகம் பார்க்கத் தேவையில்லை. கண் ஊசியில் இருக்கும். அழுகை வந்தாலும் குனிந்த தலையோடு அழலாம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

வேலை முடிந்ததும் துணியைத் திருப்புங்கள். சிலிப் பெண்கள் பலர் பின்பக்கத்தில் ஒரு சிறிய பொக்கற் தைத்து, அதற்குள் தம் கதையை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்தார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம். பொக்கற் தைக்க நேரமில்லையென்றால் நூலாலேயே மூன்றை மட்டும் எழுதுங்கள்: உங்கள் முழுப் பெயர், பிறந்த தோட்டம் அல்லது ஊர், ஆண்டு. செக்ரோலில் பேர் என்பது ஒரு நாட்கூலி. நிறை குறைந்தால் அதுவும் அரைப்பேர். சாக்கின் பின்பக்கத்தில் முழுப்பெயருக்கு இடமிருக்கிறது. சிவப்பு நூல் என்றால் தூரத்திலிருந்தும் தெரியும்.